யார் முத்திரை?

1768ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். ஜான் சிங்கிள்டன் காப்ளி என்ற ஓவியரின் தூரிகைக்கு ஊர்ச் செல்வர்கள் காத்துக்கிடந்த காலம். பட்டாடை பளபளக்க, பொய்முடி தலையை அழுத்த, மார்பை நிமிர்த்தி அவர்முன் வந்து அமர்வார்கள். அவரும் பட்டின் ஒரு மடிப்பைக்கூட விடாமல் தீட்டித் தருவார். அந்த வரிசையிலே ஒரு படம் கண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. மேலங்கி இல்லை, பொய்முடி இல்லை. வெள்ளைச் சட்டையின் கழுத்துத் திறந்து கிடக்கிறது. வலக்கை முகவாயைத் தாங்குகிறது. இடக்கையிலே ஒரு வெள்ளித் தேநீர்க் கெண்டி. மேசைமேலே செதுக்குளிகள். நம்மை நேருக்கு நேர் பார்க்கிறார் ஒருவர். பிரபு அல்லர், பாதிரியும் அல்லர். வெள்ளித் தட்டார். பெயர், பால் ரிவியர்.

உழைக்கும் உடையோடு, உழைப்பின் கருவியோடு, தாம் செய்த பொருளைக் கையிலேந்தி ஒரு தொழிலாளி படமாக அமர்ந்தார். எப்படி முடிந்தது அது? அந்த நாட்டிலே வெள்ளித் தட்டாருக்கு இருந்த இடம் என்ன? அந்த இடம் அவ்வேலை செய்த எல்லாருக்கும் கிட்டிற்றா? இந்தக் கேள்விகளைக் கையில் எடுத்துக்கொண்டு அந்நாளையப் பட்டறைகளுக்குள் நுழைவோம்.

நுழைந்ததும், உலையிலே உருகும் உலோகத்தை முதலில் விசாரிப்போம். பாஸ்டன் தட்டாருக்கு வெள்ளி கொடுத்த சுரங்கம் அவர் மண்ணிலே இல்லை. இன்றைய பொலிவியாவில் உள்ள போட்டோசி மலையிலே 1545இல் வெள்ளி கண்டார்கள். ஸ்பானிய ஆட்சி 1573 முதல் மீட்டா என்னும் கட்டாய உழைப்பு முறையை அங்கே நடத்திற்று. சுற்றியுள்ள மாநிலங்களின் பழங்குடி ஆடவரில் ஏழில் ஒருவர் ஆண்டுதோறும் அந்த மலைக்கும் அதன் ஆலைகளுக்கும் சென்றாக வேண்டும். அந்த முறை சட்டப்படி ஒழிந்தது 1812இல். மலையின் வயிற்றில் வெட்டிய வெள்ளி, ஸ்பானியக் காசாயிற்று. காசு மேற்கிந்தியத் தீவுகளுக்கு வந்தது. மீனும் மரமும் விற்கப் போன பாஸ்டன் வணிகன் அதை மடியில் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினான். வந்தவன் நேரே தட்டாரிடம் போனான். ஏன்? பணத்தைப் போட்டு வைக்க ஊரிலே வங்கி கிடையாது. அமெரிக்காவின் முதல் வங்கிக்குச் சாசனம் கிடைத்ததே 1781இல்தான். மூட்டையில் உள்ள காசைத் திருடன் கொண்டுபோனால் அது எவன் காசு என்று எவன் சொல்ல முடியும்? அதையே உருக்கிக் குவளையாக்கி, குடும்ப அடையாளத்தைப் பொறித்து, எடையையும் எழுதி வைத்தால், களவு போனாலும் இன்னாருடையது என்று சாற்றலாம். பணமுடை வந்தால் மீண்டும் உருக்கலாம். ஆக, விருந்து மேசையின் எழிலாக நின்ற பாத்திரம் வீட்டின் வைப்பு நிதியாகவும் நின்றது. அந்த நிதி தட்டாரின் தராசை நம்பி இருந்தது.

அந்த நம்பிக்கையின் உச்சியிலே நின்றவர் ஜான் ஹல். 1635இல், சிறுவனாக, இங்கிலாந்திலிருந்து பாஸ்டனுக்கு வந்தவர். ஓரம் வெட்டிய காசும் கலப்படக் காசும் சந்தையைக் கெடுத்துக்கொண்டிருந்த நிலையில், 1652இல் மாசசூசெட்ஸ் மன்றம் தானே நாணயம் அடிக்கத் துணிந்தது. பொறுப்பு ஹல்லிடமும், இலண்டனில் தொழில் பயின்ற அவர் கூட்டாளி ராபர்ட் சாண்டர்சனிடமும் வந்தது. நாணயம் அடிப்பது அரசனின் தனியுரிமை. ஆனால் 1649இல் மன்னன் தலை உருண்ட பிறகு இங்கிலாந்திலே அரசனே இல்லை! பைன் மரம் பொறித்த ஷில்லிங் அப்படிப் பிறந்ததுதான். பிறகு 1660இல் அரசன் திரும்பி வந்தான். பாஸ்டன் தட்டார்கள் நாணயம் அடிப்பதை நிறுத்தவில்லை. அடித்த காசுகளில், ஒரு சிறு காசு நீங்கலாக, 1652 என்ற ஆண்டையே தொடர்ந்து பொறித்தார்கள். சட்டம் பிறந்த ஆண்டு அது என்று காரணம் சொல்லலாம். அரசன் கேட்டால் சொல்ல வசதியான ஆண்டு என்றும் சொல்லலாம். ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம் நடந்தது இந்த அக்கசாலை.

ஹல்லைப் பற்றி ஒரு கதை உண்டு. மகள் ஹன்னாவின் திருமணத்தன்று, தராசின் ஒரு தட்டிலே மகளை உட்காரவைத்து, மறு தட்டிலே பைன்மர ஷில்லிங்குகளைக் கொட்டி, எடைக்கு எடை சீதனம் கொடுத்தாராம். நத்தானியல் ஹாதார்ன் எழுதிய கதை இது. குழந்தைகள் விரும்பிப் படிப்பார்கள். நாம் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஹன்னாவின் சீதனம் 500 பவுன். பவுனுக்கு 20 ஷில்லிங், ஆக 10,000 ஷில்லிங். ஒரு ஷில்லிங்கின் எடை 72 கிரெய்ன். பெருக்கினால் 7,20,000 கிரெய்ன். நம் கணக்கிலே சுமார் 46½ கிலோ. ஓர் இளம் பெண்ணின் எடையாக அது இருக்கக்கூடியதே! கட்டுக்கதை எங்கிருந்து முளைத்திருக்கும் என்பதைக் கணக்கு காட்டிக்கொடுக்கிறது. தராசிலே பெண்ணை ஏற்றிய காட்சி மட்டும் கதாசிரியர் சேர்த்த சரக்கு.

அந்த ஹன்னாவை மணந்த மாப்பிள்ளை சாமுவேல் சீவல். 1692இல் சேலத்திலே சூனியக்காரிகள் என்று சொல்லி மக்களைத் தூக்கிலேற்றிய நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தவர். பத்தொன்பது பேர் தூக்கில் தொங்கினர். ஐந்தாண்டுகளுக்குப் பின், 1697இல், கோயிலிலே மக்கள் கூட்டத்தின் நடுவே எழுந்து நின்றார் சீவல். அவர் எழுதிக்கொடுத்த குற்ற ஒப்புதலைப் பாதிரியார் உரக்கப் படித்தார். மூடநம்பிக்கைக்குத் துணைபோன கையே பின்னர் 1700இல் மக்களை விற்பதும் வாங்குவதும் தகாது என்று ஒரு சிறு நூலும் எழுதிற்று. தட்டாரின் மருமகன் எழுப்பிய அந்தக் குரல் தட்டார் பட்டறைகளுக்குள் எவ்வளவு தூரம் கேட்டது என்பதைப் பின்னால் பார்க்கப் போகிறோம்.

ஹல்லிடம் 1659இல் தொழில் பழக வந்த சிறுவன் ஜெரமையா டம்மர், அந்த மண்ணிலேயே பிறந்து வெள்ளித் தட்டாரானவர்களில் முதல்வர் என்று குறிக்கப்படுபவர். அவர் மகன் பெயரும் ஜெரமையா டம்மர். சுத்தியைத் தொடாமல் படித்து, இலண்டனில் குடியேற்றங்களின் முகவராக இருந்தவர். கனெக்டிகட்டிலே தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு கல்லூரிக்கு நன்கொடை கேட்டு ஒரு கிழவரின் கதவைத் தட்டினார் அவர். அந்தக் கிழவர் எலிஹு யேல். 1687 முதல் 1692 வரை நம் சென்னைக் கோட்டையின் கவர்னராக இருந்து பெரும் பொருள் சேர்த்தவர். 1718இல் அவர் அனுப்பிய ஒன்பது பேல் சரக்கும் நூல்களும் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தன. சரக்கை விற்று வந்த பணம் 562 பவுன். யேல் பல்கலைக்கழகத்தின் பெயர் அப்படி வந்தது. சென்னையிலே சேர்த்த செல்வம், பாஸ்டன் தட்டாரின் மகன் பேச்சுத் திறத்தால் கனெக்டிகட்டின் கல்வியாயிற்று. அந்தச் செல்வர் கோலோச்சிய நாளில், சென்னைத் துறையிலிருந்து துணிமூட்டைகளோடு மனிதர்களும் அடிமைகளாகக் கப்பலேறினர் என்பதையும் சேர்த்தே நாம் படிக்கவேண்டும்.

இனி, வேலையைப் பார்ப்போம். தூய வெள்ளி மென்மையானது. தனியே நின்றால் வளைந்துவிடும். ஆயிரம் பங்கில் 925 வெள்ளியும் 75 செம்பும் சேர்ந்ததே ஸ்டெர்லிங் என்னும் தரம். பழைய காசையும் நசுங்கிய பாத்திரத்தையும் மூசையில் இட்டு உருக்கி வார்த்துக் கட்டியாக்குவார்கள். பிறகு சம்மட்டி அடி. கட்டி தகடாகும். தகட்டை வட்டமாக வெட்டி, இரும்புத் தாங்கியின்மேல் சாய்த்து, நடுவிலிருந்து வட்டம் வட்டமாகச் சுற்றி அடித்துக்கொண்டே போனால், தட்டையான தகடு மெல்ல மெல்ல எழுந்து கிண்ணமாகும். ஆனால் அடிபட அடிபட வெள்ளி விறைத்துப்போகும். அந்த விறைப்போடு மேலும் அடித்தால் வெடிக்கும். ஆகவே நெருப்பிலே காய்ச்சி, ஆற்றி, மீண்டும் அடிக்க வேண்டும். ஒரு கெண்டி எழுவதற்குள் எத்தனை முறை நெருப்பு, எத்தனை ஆயிரம் அடி! அடித்த தழும்புகளைப் பளிங்கு முகச் சுத்தியால் தட்டி மறைத்து, மூக்கையும் பிடியையும் பற்றாசு இட்டு ஒட்டி, மாக்கல் தூளால் தேய்த்து மெருகேற்றி, கடைசியாகச் செதுக்குளி. துருத்தி ஊதுபவன் ஒருவன், தகடு அடிப்பவன் ஒருவன், மெருகு போடுபவன் ஒருவன் என்று பல கைகள் பட்டுத்தான் ஒரு பாத்திரம் வெளிவரும்.

வெளிவருமுன் ஒரு சடங்கு உண்டு; பயனுள்ள சடங்கு. சிறிய எஃகு அச்சை வைத்து ஒரே ஓர் அடி. பட்டறைக்காரர் பெயரின் முதலெழுத்துகள் வெள்ளியிலே பதிந்துவிடும். இலண்டனிலே 1300 முதலே தரத்திற்குச் சிறுத்தைத் தலை முத்திரை. அரசின் சட்டமும் பொற்கொல்லர் கழகமும் வெள்ளியைச் சோதித்துச் சான்று கூறும். அமெரிக்கக் குடியேற்றங்களிலே அப்படிச் சோதனைச் சாலை இல்லை. பால்டிமோரில் ஒன்று வந்ததே 1814இல்தான். அங்கே ஒரு மனிதனின் பெயரே சான்று. அரசன் கிரீடமோ கழகத்தின் கொடியோ அதற்குப் பின்னால் இல்லை. 'இதில் கலப்படமில்லை; நான் சொல்கிறேன்' என்று அந்த இரண்டெழுத்து பேசிற்று, ஊர் நம்பிற்று. ரிவியரின் முகத்திலே நாம் கண்ட நிமிர்வு அங்கிருந்து பிறந்தது.

அந்தப் பெயரைப் பொறிக்க எவனுக்கு உரிமை? இந்தக் கேள்விக்கு அந்நாடு சொன்ன விடையின் முதற்பகுதி நம் நெஞ்சை மகிழ்விக்கிறது. ரிவியரின் தந்தை அப்போலோஸ் ரிவ்வார், பிரெஞ்சு நாட்டுப் புராட்டஸ்டண்டு, ஹியூகனோ என்பார்கள். 1685இல் பிரெஞ்சு அரசன் அவர்கள் மத உரிமையைப் பறித்த பிறகு நாடு விட்டு நாடு ஓடிய கூட்டத்தைச் சேர்ந்தவர். பதின்மூன்று வயதில் தன்னந்தனியாகப் பாஸ்டன் வந்து, ஜான் கோனி என்ற பெருந்தட்டாரிடம் ஒப்பந்தப் பத்திரம் எழுதித் தொழில் பழகினார். 1722இல் கோனி இறந்தார். சொத்துப் பட்டியல் எடுத்தவர்கள், பட்டறைச் சாமான்களோடு இந்தச் சிறுவனின் எஞ்சிய காலத்தையும் சேர்த்தார்கள்: ஏறத்தாழ மூன்றரை ஆண்டு, மதிப்பு 30 பவுன்! அவர் 40 பவுன் கொடுத்துத் தம் காலத்தைத் தாமே வாங்கிக்கொண்டார். பெயரையும் உள்ளூரார் நாவுக்கு ஏற்ப ரிவியர் என்று மாற்றிக்கொண்டார். அந்தப் பெயரே பின்னர் வெள்ளியில் ஏறியது.

நியூயார்க்கில் பிறந்த மையர் மையர்ஸ் யூதர். இங்கிலாந்திலே கிறித்துவ உறுதிமொழி எடுக்காமல் பொற்கொல்லர் கழகத்தின் படியைக்கூட மிதித்திருக்க முடியாது அவர். நியூயார்க்கிலோ 1746இல் நகர உரிமை பெற்றுப் பட்டறை திறந்தார். யூதர் ஆலயங்களின் திருமறைச் சுருளுக்கு வெள்ளி மணிமுடி செய்த அதே கை, கிறித்துவர் வீட்டுக்கும் கோயிலுக்கும் கலம் செய்தது. 1776இல் ஆங்கிலப் படை நியூயார்க்கைப் பிடித்தபோது, விடுதலைப் பக்கம் நின்ற அவர் கனெக்டிகட்டின் நார்வாக்குக்குக் குடிபெயர்ந்தார். 1779இல் அந்த ஊரையும் படை கொளுத்திற்று. 1786இல் நகரின் பொன் வெள்ளி வேலைக்காரர் சங்கம் அவரையே தலைவராக வைத்துக்கொண்டது.

ஃபிலடெல்பியாவின் ஃபிலிப் சிங், அயர்லாந்தின் கார்க் நகரிலே பிறந்தவர். 1752இல் பென்சில்வேனியா மன்றத்துக்கு அவர் செய்துகொடுத்த வெள்ளி மைக்கூட்டுத் தட்டில் தொட்ட மைதான் 1776இல் விடுதலைப் பிரகடனத்திலும் 1787இல் அரசியல் சட்டத்திலும் கையெழுத்தாயிற்று. நமக்கு அவரைப் பிடிப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. பெஞ்சமின் பிராங்க்ளின் மின்னாற்றலை ஆராய்ந்தபோது உடனிருந்த நண்பர் சிங். கண்ணாடிக் குழாயைக் கையால் தேய்த்துத் தேய்த்து அலுத்த வேளையில், கண்ணாடி உருண்டையை இரும்பு அச்சிலே கோத்துச் சாணைக்கல்போலக் கைப்பிடியால் சுழற்றும் எளிய பொறியை அமைத்தார் அவர். பிராங்க்ளினே அதை அவர் பெயரோடு எழுதி வைத்திருக்கிறார். இடியும் மின்னலும் ஆண்டவன் கோபம் என்று கோயில் மணியை அடித்துக்கொண்டிருந்த உலகத்திலே, ஒரு தட்டாரின் பட்டறை அறிவு மின்னலின் கமுக்கத்தைத் தேடிப் போயிற்று!

பட்டறையிலிருந்து அரசியலுக்கு வெகு தூரமில்லை. 1768இல் பாஸ்டனில் நடந்ததைப் பாருங்கள். தேயிலைக்கும் காகிதத்துக்கும் இங்கிலாந்து போட்ட வரியை எதிர்த்து மாசசூசெட்ஸ் மன்றம் மற்றக் குடியேற்றங்களுக்குச் சுற்றுமடல் எழுதிற்று. திரும்பப் பெறு என்று மன்னனின் ஆணை. முடியாது என்றனர் 92 பேர். பெறலாம் என்றனர் 17 பேர். அந்தத் தொண்ணூற்றிருவரைப் போற்ற, விடுதலையின் மைந்தர்கள் பதினைவர் ரிவியரிடம் ஒரு கிண்ணம் செய்யச் சொன்னார்கள். எடை 45 அவுன்ஸ். கொள்ளளவு 45 கில். அந்த எண்ணும் ஓர் அறைகூவல். இலண்டனில் ஜான் வில்க்ஸ் மன்னன் உரையைத் தாக்கியது, 1763இல், தம் ஏட்டின் 45ஆம் இதழிலே! மன்னன் சினந்த எண்ணை எடையாகவும் அளவாகவும் வெள்ளியில் வார்த்துவிட்டார் தட்டார். அந்தக் கிண்ணத்தை 1949இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் பொதுமக்களிடம் நிதி திரட்டி வாங்கியது. பள்ளிப் பிள்ளைகளும் காசு கொடுத்தார்கள்.

எங்கள் வகுப்பிலே ஒரு மாணவன் கேட்டான்: 'ரிவியர் என்றால் நள்ளிரவில் குதிரையேறிப் போனவர் அல்லவா, ஐயா? தட்டார் என்கிறீர்களே?' உண்மை. 1775 ஏப்ரல் 18 இரவு, ஆங்கிலப் படை வருகிறது என்று சொல்லப் புறப்பட்டார். தனியாக அல்ல, டாஸ் என்பவரும் பிரஸ்காட் என்பவரும் அந்தப் பணியில் உண்டு. வழியிலே ரிவியர் பிடிபட்டார். செய்தியைக் கான்கார்டு வரை கொண்டுபோனவர் பிரஸ்காட். 1861இல் வெளியான லாங்ஃபெல்லோவின் கவிதை ஒருவரையே வீரராக்கி மற்றவரை விழுங்கிவிட்டது. பெயர் நிலைப்பதும் மறைவதும் வெள்ளியில் மட்டும் நடப்பதன்று.

ரிவியரும் இதில் தூயவரல்லர். 1770 மார்ச்சில் பாஸ்டன் தெருவிலே ஆங்கிலச் சிப்பாய்கள் சுட்டு ஐவர் மாண்டனர். அந்தக் கொடுமையைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு நாடெங்கும் பரப்பினார் ரிவியர்; செதுக்கியதும் அச்சிட்டதும் விற்பதும் தாமே என்று கீழே பொறித்தும் வைத்தார். ஆனால் காட்சியை வரைந்தவர் ஹென்றி பெல்ஹாம் என்ற இளைஞர். என் உழைப்பைக் களவாடினாய் என்று அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. இன்னும் ஒன்று. மாண்டவர்களில் ஒருவர் கிரிஸ்பஸ் அட்டக்ஸ். ஆப்பிரிக்கக் குருதியும் பழங்குடிக் குருதியும் கலந்தவர். படத்தின் அடியில் அவர் பெயர் இருக்கிறது. படத்திலே விழுந்து கிடப்பவர்களில் கறுத்த முகம் ஒன்றைக் காண முடியாது.

இங்கே நாம் தெற்கே திரும்ப வேண்டும். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரம்; நெல்லும் அவுரியும் விளைவித்துச் செழித்த துறைமுகம்; விளைவித்தவர் அடிமைகள். அங்கே அலெக்சாண்டர் பெட்ரி என்று ஒரு வெள்ளித் தட்டார். அவர் முத்திரை ஏ, பி என்ற இரண்டெழுத்து. அவர் பட்டறையிலே ஆபிரகாம் என்று ஓர் அடிமை; முழுமையாகத் தொழில் கற்ற வெள்ளித் தட்டார். பெட்ரி இறந்தது, காப்ளி அந்தப் படத்தைத் தீட்டிய, ரிவியர் அந்தக் கிண்ணத்தைச் செய்த அதே 1768இல். அவர் சொத்து ஏலத்திலே, சம்மட்டியும் பட்டடையும் போக, ஆபிரகாமும் விற்கப்பட்டார். விலை 810 பவுன். வாங்கியவர் ஜொனத்தான் சரசின். அதே ஊர் வெள்ளித் தட்டார். தென் கரோலினாவின் பவுன் வேறு, பாஸ்டனின் பவுன் வேறு. ஆகவே 40ஐயும் 810ஐயும் அருகருகே வைத்துக் கணக்குப் பார்க்க நாம் முனையவில்லை. வேறொரு கணக்கு இருக்கிறது. அப்போலோஸ் பத்திரத்தில் மூன்றரை ஆண்டு என்று ஓர் எல்லை இருந்தது. அந்தக் காலத்தை அவரே வாங்க முடிந்தது. ஆபிரகாமுக்கு எல்லையும் இல்லை, வாங்கும் உரிமையும் இல்லை. வாங்கிய சரசின் யார் தெரியுமா? மத உரிமை பறிபோய்க் கடல் கடந்து வந்த அதே ஹியூகனோ மரபில் வந்தவர்! ஓடி வந்தவரின் வழித்தோன்றல், இழுத்து வரப்பட்டவரின் வழித்தோன்றலை ஏலத்தில் எடுத்தார்.

810 பவுன் என்பது ஏன்? வயலுக்குப் போகும் ஆளுக்கு அவ்வளவு கொடுக்க மாட்டார்கள். காய்ச்சும் பதம் அறிந்த கண்ணுக்கு, வட்டம் பிசகாமல் அடிக்கும் தோளுக்குக் கொடுத்த விலை அது. திறமையை மதித்தார்கள், உடையவனை மதிக்கவில்லை. கறுப்பனுக்கு அறிவு இல்லை, கலை வராது என்று அந்நாளில் புத்தகம் எழுதியவர்கள் உண்டு. ஏலச் சீட்டு அவர்களுக்கு மறுப்பு எழுதிவிட்டது.

பெட்ரியின் காப்பிக் கெண்டிகள் இன்று அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் மின்னுகின்றன. கீழே ஏ, பி. அவற்றில் எதை ஆபிரகாம் அடித்து எழுப்பினார், எதற்கு மெருகு போட்டார் என்று வெள்ளி சொல்வதில்லை.

ஆப்பிரிக்க மரபினர் ஒருவரின் முத்திரை வெள்ளியில் விழ அடுத்த நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. டேனியர் ஆண்ட செயிண்ட் தாமஸ் தீவிலே 1783ஐ ஒட்டிப் பிறந்தவர் பீட்டர் பென்ட்சன். தாய் கலப்பினப் பெண். எட்டு வயதிலே ஃபிலடெல்பியாவுக்குப் படிக்க வந்து, அங்கேயே தொழில் பழகினார். பிறகு செயிண்ட் குரோய் தீவிலும் ஃபிலடெல்பியாவிலும் பட்டறை வைத்தார். சுதந்திரமான மனிதர், பட்டறை அவருடையது, அச்சும் அவருடையது. ஆபிரகாமின் தலைமுறையிலே மற்றவன் பெயரை வெள்ளியில் அடித்த கைகளுக்குக் கணக்கில்லை. அந்நாளைய அமெரிக்காவில் வேலை செய்த ஆப்பிரிக்க மரபினருள் இன்றுவரை அடையாளங் காணப்பட்ட முத்திரை ஒன்றே ஒன்று: பென்ட்சன்.